நாக்கின் அடியில் ஒரு சாட்சி

இருபத்திரண்டு வருட நல்ல பெயருக்கு, அன்று காலை நிலவரப்படி, விலை ஒரு தெர்மாமீட்டர். பேட்டரி இலவசம்.

விலையைச் சொன்னவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நர்ஸ். வெள்ளைச் சீருடை, முனை தேய்ந்த கைப்பை, தூங்காத கண்கள். எந்த நிமிஷமும் எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தராசு. அது பெற்றோர் வைத்த பெயரில்லை. துப்பறிய வருவதற்கு முன் கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்தார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே 'தராசு வருது' என்று கடைகளுக்குள் தகவல் ஓடும். வேலையை விட்டு வந்தபோது அவர் கையோடு கொண்டுவந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான். அவருடைய உதவியாளருக்கு கிராம்பு என்று பெயர். ஆள் சிறிசு, காரம் பெரிசு. பல்வலிக்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் இதமாக இருப்பாள்.

"நாலு மணிக்கு விசாரணை சார்," என்றாள் நர்ஸ். "அதுக்குள்ள என் மீட்டர் சரியா இருந்துதுன்னு காட்டலன்னா பதிவேட்டுலேருந்து என் பேர எடுத்துடுவாங்க. அப்புறம் நான் யார் கைய புடிச்சும் நாடி பாக்க முடியாது."

"இப்ப பத்தரை," என்றாள் கிராம்பு. "அஞ்சரை மணி நேரம் இருக்கு. அதுல ரெண்டு மணி நேரம் எங்க சார் மூக்குக் கண்ணாடியத் தேடுவார்."

"சட்டைப் பையில இருக்கு," என்றார் தராசு. "நீங்க சொல்லுங்க சிஸ்டர்."

நர்ஸ் சொன்னது இதுதான். குழாய் மொத்த வியாபாரி ஒருவரின் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. நல்லபடியாக வீடு திரும்பினாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் போய்க் கட்டு மாற்றி, ஜுரம் பார்த்து, அட்டவணையில் எழுதிவிட்டு வருவாள். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர்களே பார்த்து எழுத வேண்டும். அட்டவணை படமாக டாக்டருக்குப் போகும். டாக்டரின் கட்டளை ஒன்றே ஒன்று: நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்து நூறு புள்ளி நாலைத் தொட்டால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

ஏழு மாலைகள். ஒரு மாலையும் நூறைக்கூடத் தொடவில்லை. எட்டாம் நாள் விடியற்காலை அந்த அம்மாளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது, கட்டின புருஷனை யாரென்று கேட்டாள். புண்ணுக்குள் சீழ் பிடித்துக் குறைந்தது நாலு நாளாகியிருக்கும் என்றது ஆஸ்பத்திரி. இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள்.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் கிராம்பு.

"பாக்கலாம்னு சொல்றார்." நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "டாக்டருங்க 'பாக்கலாம்'னு சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்மா."

"காலையில நீங்க பாத்தப்ப?"

"தொண்ணூத்தெட்டரை, தொண்ணூத்தொம்பது. அதுக்கு மேல போகல. காலையில ஜுரம் இறங்கித்தான் சார் இருக்கும். சாயங்காலம்தான் நிஜம் தெரியும். அதுக்குத்தான் என்னோட டிஜிட்டல் மீட்டரையே அங்க விட்டுட்டு வந்தேன். அது குறைச்சுக் காட்டிடுச்சுன்னுதான் அந்த வியாபாரியோட புகார்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தெரியல சார்." கைப்பையின் தேய்ந்த முனையைத் தடவினாள். "என் மீட்டர் நல்ல மீட்டருன்னு நினைக்கறேன். ஆனா நானே ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாயங்காலம் போய்ப் பாத்திருக்கலாம்."

தராசு எழுந்தார். பழைய அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய நீள டப்பா ஒன்றை எடுத்தார். அளவுச் சோதனைக்கூடத்தின் முத்திரை போட்ட தெர்மாமீட்டர் அதற்குள் இருந்தது.

"ஒரு படிக்கல்லு சரியான்னு பாக்கணும்னா இன்னொரு படிக்கல்லு வேணும்," என்றார். "சந்தேகத்த வெச்சு எடை போட முடியாது."

*

கீழே கடை, மேலே வீடு. கடையில் குழாய்கள் கட்டுக்கட்டாக நின்றன. மாடிப்படியில் வியாபாரி நின்றார். மூன்று நாள் தாடி, மாற்றி மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தான். நர்ஸைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விசாரணைக்காரங்க சொன்னதால உள்ள விடறேன். தொட்டுப் பாருங்க, பாத்துட்டுக் கிளம்புங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அங்க போய் என்ன பண்ணுவீங்க?" என்றார் தராசு. கேட்ட விதத்தில் குத்தல் இல்லை.

வியாபாரி படியில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். "வெளியில ஒரு பெஞ்சி இருக்கு. அதுல உக்காருவேன்."

நோயாளியின் அறை மாடியில், சாலையைப் பார்த்த அறை. கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி. தலைமாட்டில் ஒரு சின்ன மேஜை. ஜன்னல் கம்பியில் ஒரு பெரிய கிளிப் தொங்கியது. அதில் ஒரு விரல் தடிமனுக்குக் காகிதங்கள். எல்லாம் விலைப்புள்ளிகள்: மூன்று கம்பெனி, மூன்று விலை, இருப்பதில் குறைந்த விலையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

கிராம்பு அதைப் புரட்டினாள். "வளைவு, மூடி, திருகு, வாஷர். கடைய கட்டிலுக்கே கொண்டு வந்துட்டாங்க போல. இதென்ன கம்பெனி சார், 'வா', 'அ', 'நெ'? எல்லாம் தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது, நூறுன்னு ஒட்டி ஒட்டி விலை போட்டிருக்காங்க. பேசி வெச்சுக்கிட்டு போட்ட மாதிரி இருக்கு."

"அதுல கை வைக்காதீங்க," என்றார் வியாபாரி சட்டென்று. "அது அவளோட கொட்டேஷன் கட்டு. முப்பத்தொரு வருஷமா கொள்முதல் எல்லாம் அவதான். அவ வந்து பாக்கற வரைக்கும் யாரும் கலைக்கக்கூடாது."

கிராம்பு கையை எடுத்துக்கொண்டாள். பதில் வைத்திருந்தாள், ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

அட்டவணை கைக்கு வந்தது. காலைப் பத்தியில் நர்ஸின் கையெழுத்து. மாலைப் பத்தியில் வியாபாரியின் கையெழுத்து, கணக்குப்பிள்ளை எழுத்துபோலச் சாய்வாக: 98.4, 98.7, 98.9, 99.4, 99.1, 99.3, 99.7.

"இதெல்லாம் எந்த மீட்டர்ல பாத்தது?"

"இவங்க குடுத்த மெஷின்லதான்." வியாபாரி நர்ஸைப் பார்க்காமல் கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினார். "ஆறு மணிக்குக் கடையில கூட்டம் நெரியும். அவ இங்கேருந்து போன்ல நம்பரைச் சொல்வா, நான் கீழ எழுதிப் படம் புடிச்சு அனுப்புவேன். கடைசி நாள் சாயங்காலத்துக்கு அப்புறம் அந்த மெஷின யாரும் தொடல. மறுநாளே கவர்ல போட்டு ஒட்டிட்டேன்."

தராசு கவரைக் கிழித்தார். உள்ளே வெள்ளை நிறத்தில் ஒரு டிஜிட்டல் மீட்டர், விரல் நீளம். கிராம்பு வாங்கி, நர்ஸ் கொடுத்த ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, வாயைத் திறந்தாள்.

"நிறுத்து," என்றார் தராசு.

"சார், நான் பல்லு விளக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

"அது இல்ல. சாட்சிய விசாரிக்கறதுக்கு முன்னாடி, அது கடைசியா என்ன சொல்லுச்சுன்னு கேக்க வேண்டாமா? சிஸ்டர், இந்த ரகத்த ஆன் பண்ணா முதல்ல என்ன காட்டும்?"

நர்ஸின் முகம் முதல் முறையாகத் தெளிந்தது. "கடைசியா பாத்த ரீடிங், சார். ரெண்டு செகண்டு நிக்கும். அப்புறம் அழிஞ்சுடும்."

தராசு பொத்தானை அழுத்தினார். நாலு தலைகள் ஒன்றாகக் குனிந்தன.

101.9.

ரெண்டு செகண்டு நின்றது. அழிந்தது.

"நீங்க எழுதினது தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழு," என்றாள் கிராம்பு மெதுவாக.

வியாபாரி உதட்டை நனைத்துக்கொண்டார். "மெஷினே ஓட்டைன்னுதானே சொல்றேன். அதுவா எதையாவது காட்டும்."

"பாத்துடலாம்," என்றார் தராசு. "கிராம்பு, இப்ப வாயத் திற. அப்புறம் மூடு. மூடறது உனக்குக் கஷ்டம்னு தெரியும், முயற்சி பண்ணு."

நர்ஸ் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். காபி, தண்ணீர் ஏதாவது குடித்தாயா என்று கேட்டாள். குடித்து முக்கால் மணி நேரமாகிவிட்டது என்றாள் கிராம்பு. "அரை மணிக்கு மேல ஆயிடுச்சுன்னா சரி. சூடா குடிச்சா ஏத்திக் காட்டும், ஜில்லுனு குடிச்சா இறக்கிக் காட்டும்." நாக்கின் அடியில், ஓரமாக, உள்ளே தள்ளி வைத்தாள். உதட்டை மூடச் சொன்னாள். பீப் சத்தம் வரும்வரை அந்த அறையில் கிராம்பு பேசாமல் இருந்தாள். தராசுக்கு அது ஒரு சின்ன விடுமுறை.

98.3.

அடுத்தது முத்திரை போட்ட மீட்டர், அதே இடத்தில், நாலு நிமிஷம் கடிகாரம் பார்த்து. 98.4.

"மெஷின் சுத்தம்," என்றார் தராசு. "உங்க வீட்டம்மா நாக்குக்கு அடியில அது நூத்தி ஒண்ணு புள்ளி ஒம்பது பாத்துச்சு. பாத்தத சொல்லுச்சு. நடுவுல எங்கேயோ ரெண்டு டிகிரி காணாமப் போயிருக்கு."

நர்ஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவளுடைய வழக்கு முடிந்துவிட்டது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

வியாபாரியின் வழக்கு அப்போதுதான் தொடங்கியது.

"நான் மாத்தி எழுதினேன்னு சொல்றீங்களா?" அவர் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. "அவ தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழுன்னா. நான் எழுதினேன். முப்பத்தொரு வருஷத்துல அவ சொன்ன நம்பர் ஒண்ணுகூடத் தப்பானதில்ல."

"இந்த வீட்டுல வேற மீட்டர் இருக்கா?"

பதில் வாசல் பக்கமிருந்து வந்தது. மருமகள், இடுப்பில் குழந்தையோடு. "இருக்கு சார். மேஜை இழுப்பறையில பாருங்க."

இழுப்பறையில் இரண்டு இருந்தன. ஒன்று கண்ணாடி மீட்டர், வீட்டில் வெகுநாளாக இருப்பது. இன்னொன்று நெற்றிக்கு நேரே நீட்டிப் பிடிக்கும் துப்பாக்கி மீட்டர். குழந்தைக்காக மருமகள் வாங்கியது. அத்தை கேட்டார்கள் என்று கொடுத்திருக்கிறாள்.

தராசு கண்ணாடி மீட்டரை வெளிச்சத்தில் சுழற்றினார். "ஒரு டிகிரிக்கு அஞ்சு கோடு. அப்படின்னா ஒரு கோட்டுக்கு ரெண்டு புள்ளி. நாலு, ஆறு, எட்டுன்னுதான் இதுல படிக்க முடியும். தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழு இதுல வராது. டிஜிட்டல் அன்னிக்கு நூத்தி ஒண்ணு காட்டியிருக்கு. மிச்சம் யாரு?"

கிராம்பு துப்பாக்கியை எடுத்துத் தன் நெற்றிக்கே குறி வைத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. படியேறி வந்த வியர்வை நெற்றியில் இன்னும் காயவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

"தொண்ணூத்தாறு புள்ளி ஒம்பது. சார், நான் பாதி செத்துட்டேன்."

நர்ஸ் எழுந்து விசிறியை நிறுத்தினாள். கிராம்பின் நெற்றியைத் துடைத்து, பத்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து, மறுபடியும் பார்த்தாள். 97.9. கண்ணாடி மீட்டரையும் அவள் அக்குளில் ஐந்து நிமிஷம் வைத்துப் பார்த்தாள். 97.8.

"மெஷின் மேல தப்பில்ல," என்றாள். "விசிறிக் காத்துலயும் வேர்வையிலயும் புடிச்சா அது தோலோட குளிரத்தான் சொல்லும். அக்குளும் அப்படித்தான். நல்லாத் துடைச்சு, கைய இறுக்கி ஒட்டி, அஞ்சு நிமிஷம் பொறுக்கணும். பொறுத்தாலும் வாயவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். அதனாலதான் ஒரே மீட்டர், ஒரே இடம், ஒரே நேரம்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்."

"அத்தை மூணுலயும் பாப்பாங்க," என்றாள் மருமகள்.

 குழந்தை கிளிப்பைப் பார்த்துக் கையை நீட்டியது.

"தினமுமா?"

"தினமும். வாயில ஒண்ணு, அக்குள்ல ஒண்ணு, நெத்தியில ஒண்ணு. எதுக்கு அத்தை மூணு, சிஸ்டர் ஒண்ணுதானே சொன்னாங்கன்னு ஒரு நாள் கேட்டேன். ஒரே ஒருத்தன்கிட்ட விலை கேட்டு எவளாவது சரக்கு எடுப்பாளான்னாங்க."

தராசு வியாபாரியைப் பார்த்தார். வியாபாரி ஜன்னலைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவருக்கு அதற்குமேல் துப்புத் துலக்க யாரும் தேவைப்படவில்லை. தானே நடந்து போய்த் தன் கையாலேயே கிளிப்பைத் திறந்தார்.

விலைப்புள்ளிகளுக்கு நடுவே, கம்பெனிப் பெயரில்லாமல், ஏழு சீட்டுகள். கடையின் அதே கொட்டேஷன் தாள், அதே மூன்று கட்டம். வா. அ. நெ. வாய், அக்குள், நெற்றி.

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். நாலாம் நாள்: 100.6, 99.4, 99.5. சிவப்பு வட்டம் 99.4-ஐச் சுற்றி. ஐந்தாம் நாள்: 100.9, 99.6, 99.1. வட்டம் 99.1-ல். ஆறாம் நாள்: 101.2, 99.8, 99.3. ஏழாம் நாள்: 101.9, 100.2, 99.7. கடைசி வட்டம் கொஞ்சம் கோணல். 

"அவ எழுத்துதான்," என்றார்.

சீட்டுகளை மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மூணு பேர் விலை சொன்னா, குறைச்சு சொல்றவன்தான் அசல் விலை சொல்றான்னு சொல்வா. மத்த ரெண்டு பேரும் நம்ம மூஞ்சியப் பாத்து ஏத்தறாங்களாம்." அவர் சீட்டுகளைச் சீட்டுக்கட்டுபோல விரித்தார், பிறகு மடித்தார். "இந்தக் கடைய அப்படித்தான் தூக்கி நிறுத்தினா. எவன் என்ன சொன்னாலும் அவகிட்ட ஏமாத்த முடியாது."

"ஜுரம் பேரம் பேசாதுங்கய்யா," என்று ஆரம்பித்த கிராம்பு, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அவளுடைய வாழ்க்கையில் விழுங்கிய வாக்கியங்கள் மிகக் குறைவு. அன்று அது இரண்டாவது.

வியாபாரி நர்ஸின் பக்கம் திரும்பினார். அன்று அந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார்.

"புகார வாபஸ் வாங்கிடறேன் சிஸ்டர். இப்பவே எழுதிக் குடுக்கறேன்." கை தன்னால் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. "ஆனா அவளுக்கு இப்படி ஆனதுக்கு நான் யார் மேல புகார் குடுக்கறது?"

தராசு எத்தனையோ கடைகளில் எத்தனையோ கள்ள எடைக்கல்லைப் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு ஆள் இருப்பான். அவனைச் சுட்டிக்காட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். இங்கே மூன்று கல்லும் சுத்தம். தராசும் சுத்தம். எடை போட்டவள் பொய் சொல்லவில்லை, எழுதியவரும் பொய் சொல்லவில்லை. சுட்டிக்காட்ட அவருடைய விரலுக்கு ஒரு திசை கிடைக்கவில்லை.

"என் மேல குடுங்க," என்றாள் நர்ஸ். "ஒரே மீட்டர்னு சொன்னேன். ஏன்னு சொல்லல. சொல்லியிருந்தா அவங்க கேட்டிருப்பாங்க. கணக்குத் தெரிஞ்ச மனுஷி."

"வேண்டாம் சிஸ்டர்," என்றார் வியாபாரி. "நானும் அந்த அட்டவணைய ஏழு நாள் எழுதினேன். எந்த மீட்டர்னு ஒரு தடவகூடக் கேக்கல."

அப்போது அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரி. அவர் அதைக் காதில் வைக்காமல் மேஜைமேல் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினார். தனியாகக் கேட்கத் தைரியமில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

வார்டு நர்ஸின் குரல் சின்னதாக வந்தது. மருந்து மாற்றியிருக்கிறார்கள். நினைவு இன்னும் வரவில்லை. டாக்டர் சாயங்காலம் பேசுவார்.

"ஜுரம் எவ்வளவும்மா?"

"நூத்தி ரெண்டு புள்ளி நாலு சார்."

 முப்பத்தொரு வருஷம் அந்த வீட்டில் பழகின ஒரு கேள்வி, வியாபாரியைக் கேட்காமலே வெளியே வந்தது.

"வேற மீட்டர்ல பாத்தீங்களா?"

"சார்?" என்றது மறுமுனை, ஒன்றும் புரியாமல். அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. நர்ஸ் மெல்ல வந்து, அவர் கையிலிருந்த சீட்டுகளை வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார்.

*

நாலு மணி விசாரணை ஆறு நிமிஷத்தில் முடிந்தது. அறிக்கையைத் தராசு சொல்லச் சொல்ல, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கிராம்பு எழுதியிருந்தாள். ஒரு வரியில்கூட அவள் தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கவில்லை.

"முடிவுல தொகை போட்டுடு," என்றிருந்தார் அவர். "பழைய பழக்கம்."

அவள் போட்டிருந்தாள்:

சோதித்த மீட்டர்கள், மூன்று. பழுது, இல்லை.
பார்த்த மாலைகள், ஏழு. எடுத்த அளவுகள், இருபத்தொன்று.
டாக்டர் சொன்ன கோட்டை நாக்கின் அடியில் தாண்டிய மாலைகள், நான்கு.
டாக்டருக்குச் சொன்னவை, பூஜ்யம்.
பாக்கி, நான்கு நாள்.
கொடுக்க வேண்டியவர்:

எழுதும்போது அந்த இடத்தில் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தராசைப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"காலியா விடு," என்றார்.